முதுமைக்கு எழுதி வைத்த சாசனங்கள்
ஹீரா உடன்படிக்கையிலிருந்து பராமரிப்புக் காப்புறுதி வரை





1981ஆம் ஆண்டின் குடிசனமதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 6.6 சதவீதமாக இருந்தனர். 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அத்தொகை 12.4 சதவீதமாயிற்று. ஆயுள் நீள்வது அல்லாஹ்வின் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீண்ட ஆயுளோடு நீண்ட இயலாமையும் பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன வாப்பா, நீரிழிவினால் காலை இழந்த மாமா, பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட உம்மா ஆகியோர் இன்று எந்த ஊரில்தான் இல்லை? வைத்தியசாலை நோய்க்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதன் பின்னர் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, இரவில் விழித்திருப்பது யாவும் வீட்டாரின் பொறுப்பாகின்றன. அது ஒரு மாதமாகவும் இருக்கலாம், பத்து வருடங்களாகவும் இருக்கலாம். இதனையே நீண்டகாலப் பராமரிப்பு என்கிறோம்.

இவ்விடயத்தை முன்கூட்டியே பேசுவதை நம்மவர் பெரும்பாலும் விரும்புவதில்லை. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார் தந்தை. "நாங்கள் இருக்கிறோம்தானே" என்பார் மகன். இரண்டும் நல்ல வார்த்தைகளே. ஆனால் நமது முன்னோர் இவ்வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டார்களா? வரலாற்றைப் புரட்டினால், அவர்கள் முதுமையையும் இயலாமையையும் எதிர்பார்த்து, அவை வருமுன்னரே எழுதி வைத்தவர்களாகக் காணப்படுகிறார்கள்.

ஹிஜ்ரி 12ஆம் ஆண்டு (கி.பி. 633) ஈராக்கின் ஹீரா நகரத்துக் கிறிஸ்தவ மக்களுடன் காலித் இப்னுல் வலீத் (ரழி) அவர்கள் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதன் வாசகத்தை இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜ் என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். உழைக்க இயலாதவாறு முதுமையடைந்தவர், ஏதேனும் ஆபத்தினால் பாதிக்கப்பட்டவர், செல்வராயிருந்து வறியவராகிவிட்டவர் ஆகியோரிடமிருந்து ஜிஸ்யா நீக்கப்படும் என்றும், அவர் இஸ்லாமிய ஆட்சிப் பரப்பில் வசிக்கும் காலமெல்லாம் அவரும் அவரது குடும்பத்தினரும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். போர் ஓய்ந்த கையோடு எழுதப்பட்ட ஓர் அரசியல் பத்திரத்தில், அன்று திடகாத்திரமாக இருந்த ஒருவன் நாளை தள்ளாடும்போது அவனுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது.

அதே நூலில் மற்றொரு சம்பவமும் உண்டு. நம்மில் பலர் அதனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். வாசலில் நின்று யாசித்த பார்வையற்ற யூத முதியவர் ஒருவரை உமர் (ரழி) அவர்கள் கைப்பிடித்துத் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்தார்கள். பொதுவாக நாம் கதையை அத்துடன் முடித்துவிடுகிறோம். உண்மையில் முக்கியமான பகுதி அதற்குப் பிறகே வருகிறது. கலீபா அவர்கள் பைத்துல்மாலின் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனிக்குமாறு பணித்தார்கள். ஒருவருக்குச் செய்த தர்மம், அவரைப் போன்ற அனைவருக்குமான ஏற்பாடாக அப்போதுதான் மாறியது.

உமர் (ரழி) அவர்களின் வக்பு பற்றியும் சொல்ல வேண்டும். கைபரில் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தைத் தடுத்து வைத்துக்கொண்டு அதன் பலனைத் தர்மம் செய்யுமாறு வழிகாட்டப்பட்டது. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர் முதலானோர் பயனாளிகளாயினர். அபூதாவூதில் இடம்பெறும் அறிவிப்பின்படி, அச்சாசனம் எழுத்தில் வடிக்கப்பட்டுச் சாட்சியும் வைக்கப்பட்டது. தமக்குப் பின் அதனைத் தமது மகள் ஹப்ஸா (ரழி) அவர்கள் வாழும் காலமெல்லாம் நிர்வகிக்க வேண்டும் என்றும், அவருக்குப் பின் குடும்பத்தில் விவேகமுள்ளவர் நிர்வகிக்க வேண்டும் என்றும் அதில் குறிக்கப்பட்டது. மூலதனம் எது, பலன் யாருக்கு, பொறுப்பு யாரிடம், அவருக்குப் பின் யாரிடம் ஆகிய நான்கும் அச்சாசனத்தில் இருக்கின்றன. இன்றைய காப்புறுதிப் பத்திரம் ஒன்றை விரித்துப் பார்த்தால் அதிலும் இந்நான்கையே தேடுவோம்.

உமையா ஆட்சியாளர் வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் கி.பி. 705 - 715) தொழுநோயாளர் யாசிக்கத் தேவையில்லாதவாறு அவர்களுக்குக் கொடுப்பனவு வழங்கியதையும், நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்ததையும் இமாம் தபரீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். இயலாத ஒருவனுக்குப் பணம் மட்டும் போதாது, தூக்கி அமர்த்த ஒரு கை வேண்டும் என்ற உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது.

இம்மரபின் உச்சமாக நான் கருதுவது கெய்ரோவின் மன்ஸூரி பீமாரிஸ்தானை. பீமாரிஸ்தான் என்றால் பாரசீக மொழியில் நோயாளிகளின் இடம். மம்லூக் சுல்தான் கலாவூன், தளபதியாக இருந்த காலத்தில் டமஸ்கஸில் நோய்வாய்ப்பட்டார். சுல்தான் நூருத்தீன் அங்கு நிறுவியிருந்த வைத்தியசாலையின் மருந்துகளால் குணமடைந்தார். தமக்கு ஆட்சி கிடைத்தால் இத்தகைய ஒன்றைக் கட்டுவதாக அப்போது நேர்ந்துகொண்டார். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) பழைய பாத்திமீய மாளிகை ஒன்றை மாற்றியமைத்து, ஏறத்தாழப் பதினொரு மாதங்களில் அதனைக் கட்டி முடித்தார். வேலையாட்களைப் பலவந்தமாகப் பிடித்துக் கட்டியதால் அங்கு தொழுவதையே சில உலமாக்கள் வெறுத்தனர் என்பதையும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

அதன் வக்பு சாசனம்தான் வியப்புக்குரியது. செல்வர், வறியவர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற பேதமின்றி யாவரும் சேர்க்கப்பட்டனர். இத்தனை நாள்தான் தங்கலாம் என்ற வரையறை இல்லை. காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் சத்திரசிகிச்சைக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. வெயில் காலத்தில் நோயாளிகளுக்கு ஓலை விசிறிகள் வாங்கவும், ஒவ்வொருவருக்கும் உணவைத் தனிப் பாத்திரத்தில் மூடிக் கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. இறந்தவருக்குக் கபன் முதல் அடக்கம் வரையான செலவும் அதிலேயே அடங்கியது. இவை அனைத்தையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஏற்பாடு வேறொன்று. வைத்தியசாலைக்கு வர இயலாமல் வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளிக்கு மருந்தும் பானங்களும் உணவும் வீடு தேடிச் செல்ல வேண்டும் என்று சாசனத்தில் இருந்தது. அவ்வக்பை நிர்வகித்தவர்களுள் ஒருவரான அறிஞர் நுவைரீ, ஒரு காலத்தில் வீடுகளில் இருந்தவாறு இவ்வுதவியைப் பெற்றோர் இருநூறு பேருக்கும் அதிகம் என எழுதுகிறார். இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கடைகள், குளியல் மண்டபங்கள், நிலங்கள் ஆகியவற்றின் வருமானம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் திர்ஹமுக்கு அண்மித்த தொகை என்கிறார் மக்ரீஸி.

பிற்காலத்தில் அது நலிந்தது. 1798இல் பிரெஞ்சுப் படையினர் கெய்ரோவுக்குள் நுழைந்தபோது அவ்விடம் பாழடைந்த நிலையில் இருந்தது. வக்பு நிலங்கள் சொற்ப வாடகைக்கு நெடுங்காலக் குத்தகையில் போயின. நிர்வாகிகளில் சிலர் விழுங்கினர். ஆட்சியாளர்களில் சிலர் பறித்தனர். சாசனத்தின் எழுத்தில் குறை இருக்கவில்லை. கணக்குக் கேட்பாரில்லாமல் போனதே அதனைக் கெடுத்தது. நமது நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கப் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம் நம்பிக்கையாளர்களிடம் கணக்குக் கேட்பதற்கான காரணமும் இதுவே. கணக்குக் கேட்பதை அவமரியாதையாகக் கருதும் நம்பிக்கையாளர்கள் கெய்ரோவின் வரலாற்றை ஒருமுறை படிக்கட்டும்.

அரசர்கள் மட்டுமே இதனைச் செய்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். உதுமானிய ஆட்சியின் நகரங்களில் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அவாரிழ் வக்பு என்றொரு பொது நிதி இருந்தது. மஹல்லாவாசிகள் அதில் பணம் சேர்த்தனர். நோயினால் உழைக்க இயலாதவருக்கும், இறந்த ஏழையின் அடக்கத்துக்கும், மஹல்லா மீது விழுந்த வரிச்சுமைக்கும் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. செருப்புத் தைப்போர், பாய் முடைவோர் போன்ற தொழிலாளர் குழுக்களும் தத்தமது உறுப்பினரின் நோய்க்கும் முதுமைக்கும் தனிப்பெட்டி வைத்திருந்தன. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து, யாருக்கு விழுகிறதோ அவருக்குக் கொடுப்பதுதான் காப்புறுதியின் அடிப்படை என்றால், நமது மஹல்லாக்கள் அதனை அறியாதவையல்ல. 1896இல் இஸ்தான்பூலில் திறக்கப்பட்ட தாருல் அஜஸா என்னும் இயலாதோர் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் யூதர்களின் ஆலயமும் ஒரே வளவில் கட்டப்பட்டன.

இனி, பராமரிப்புக்கென்றே தனியாகக் காப்புறுதி செய்த நாடுகளின் வரலாற்றைப் பார்ப்போம். ஜேர்மனி 1889இலேயே முதியோர் காப்புறுதிச் சட்டம் இயற்றிய நாடு. ஆயினும் நூறு வருடங்கள் கழிந்தும் அங்கு பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியோரில் பலர், வாழ்நாள் சேமிப்பு கரைந்த பின்னர் அரசின் ஏழை நிவாரணத்தில் தங்கியிருந்தனர். எனவே 1995இல் சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கப்படும் பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியது. தொழிலாளியும் தொழில் கொள்வோரும் பங்கு செலுத்த வேண்டும். தொழில் கொள்வோருக்கு ஏற்பட்ட செலவை ஈடுசெய்ய, சாக்ஸனி மாநிலம் தவிர ஏனைய மாநிலங்களில் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்களின் பாவமன்னிப்புப் பிரார்த்தனை நாளுக்குரிய பொது விடுமுறையே நீக்கப்பட்டது. ஒரு சமூகம் தன் முதியோருக்காக ஒரு புனித நாளின் ஓய்வைக் கொடுத்தது என்பது சிந்தனைக்குரியது. ஆரம்பத்தில் சம்பளத்தில் 1 சதவீதமாக இருந்த அறவீடு 2025இல் 3.6 சதவீதமாகியிருந்தது. பிள்ளை இல்லாதவர்கள் 2005 முதல் சற்றுக் கூடுதலாகச் செலுத்துகின்றனர். வீட்டிலேயே பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பத்துக்குப் பராமரிப்புப் பணம் கிடைக்கிறது. அதற்காக உழைப்பைக் குறைத்துக்கொண்ட மகளின் ஓய்வூதியக் கணக்குக்கும் காப்புறுதி நிதி பங்கு செலுத்துகிறது.

நமக்கு அதிகம் பாடம் தருவது ஜப்பானின் அனுபவம் என்பது என் எண்ணம். ஏனெனில் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதை உயிராக மதிக்கும் சமூகம் அது. மூத்த மகன் பெற்றோரோடு வாழ்வதே அங்கு மரபு. ஆனால் நடைமுறையில் மூத்த மகன் காலையில் வேலைக்குச் செல்வார், கழுவித் துடைப்பவள் அவரது மனைவி. கடமை மகனுக்கு, வேலை மருமகளுக்கு என்றாயிற்று. முதியோர் பெருகப் பெருக இச்சுமை தாங்க முடியாததாகி, அதனைப் பராமரிப்பு நரகம் என்றே அந்நாட்டார் அழைக்கத் தொடங்கினர். 1983இல் ஹிகுச்சி கெய்கோ முதலிய பெண்கள் சங்கம் அமைத்து இதனைப் பகிரங்கமாகப் பேசினர். 1997இல் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதானதும் ஒவ்வொருவரும் பங்குப் பணம் செலுத்த வேண்டும். செலவில் பாதி இப்பணத்திலிருந்தும் மறுபாதி அரச வரியிலிருந்தும் வருகிறது. முதியவரின் இயலாமை பரிசோதிக்கப்பட்டுத் தரப்படுத்தப்படும். அதற்கேற்பக் குளிப்பாட்ட ஆள் வரும், பகல்நேர நிலையத்துக்கு வாகனம் வரும். பயன்பெறுவோர் பொதுவாகச் செலவில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்துவர், வருமானம் கூடியவர் இன்னும் கூடுதலாகச் செலுத்துவர். ஜேர்மனியைப் போல் குடும்பத்தின் கையில் பணமாகக் கொடுப்பதை ஜப்பானியப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பணம் கொடுத்தால் மருமகள் மீண்டும் கட்டிலோடு கட்டப்படுவாள் என்பது அவர்களின் அச்சம்.

இளைஞர்களே, இவ்விடத்தில் நமது பிக்ஹு என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். பெற்றோரின் நபகா பிள்ளைகளின் கடமை. நாட்பட்ட நோயினால் அவர்களுக்குப் பணியாள் தேவைப்பட்டால் அச்செலவும் அக்கடமையில் சேரும் என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் மீது மார்க்கம் விதித்த கடமை அன்று. அவள் மனமுவந்து செய்தால் அது அவளது உபகாரம், அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. கணவன் தன் கடமையை அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டுத் தன்னைத் தாய்க்கு உபகாரம் செய்யும் மகனாக எண்ணிக்கொள்ள முடியாது. கிழக்கிலங்கையில் பெற்றோர் மகளின் வீட்டில் வாழும் வழக்கம் இருப்பதால் அங்கு சுமை பெரும்பாலும் ஒரு மகளின் மீது விழுகிறது. சகோதரர்கள் கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பெருநாளைக்குப் பணம் அனுப்புவர். உம்மாவின் படுக்கையருகே விழித்திருப்பவள் அவளே. வாரிசாகிய அவளுக்கு மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி வஸிய்யத்தால் கூடுதலாக எதுவும் கொடுக்கவும் முடியாது. எனவே அவளது உழைப்புக்கு என்ன ஈடு என்பதை உடன்பிறந்தோர் யாவரும் பெற்றோர் நல்ல நினைவோடு இருக்கும்போதே கூடிப் பேசித் தீர்மானித்து எழுதிக்கொள்வது பின்னர் வரும் எத்தனையோ பிணக்குகளைத் தடுக்கும்.

தனியார் காப்புறுதியின் வரலாறு எச்சரிக்கை தருவது. ஐக்கிய அமெரிக்காவில் 1980களிலும் 1990களிலும் பல கம்பனிகள் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை விற்றன. பலர் இடையில் கைவிட்டுவிடுவர் என்று கம்பனிகள் போட்ட கணக்குப் பிழைத்தது. மக்கள் விடாமல் வைத்திருந்தனர், அதிக காலம் வாழ்ந்தனர், வட்டி வீதமும் வீழ்ந்தது. விளைவாக, இருபது வருடம் கட்டிய முதியவர்களின் தலையில் கட்டணங்கள் பன்மடங்கு ஏற்றப்பட்டன. கட்ட முடியாதவர்கள் உரிமையைக் குறைத்துக்கொண்டனர் அல்லது முற்றாக இழந்தனர். வர்த்தகக் காப்புறுதியில் உலமாக்கள் கண்ட கறர், அதாவது தெளிவற்ற அபாயம், ஏட்டுச் சொல் மட்டுமன்று என்பதை இது காட்டுகிறது.

கடல் வணிகக் காப்புறுதி பற்றி இமாம் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) அவர்கள் தொடங்கிய விவாதம், 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமியின் தீர்மானத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. நிலையான கட்டணத்தில் நடக்கும் வர்த்தகக் காப்புறுதி கூடாது என்றும், அன்பளிப்பையும் ஒத்துழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுக் காப்புறுதியே அதற்கு மாற்று என்றும் அது முடிவு செய்தது. அதற்கு முன்பே சூடானில் 1979இல் இத்தகைய நிறுவனம் தோன்றியிருந்தது. மலேசியா 1984இல் தகாபுல் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999இல் தகாபுல் அறிமுகமானது. தகாபுலில் சேரும் சகோதரர்கள் பத்திரத்தைக் கையெழுத்திடுமுன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். வைத்தியசாலையில் தங்கும் நாட்களுக்கு மட்டும் பணம் கிடைக்குமா, வீட்டில் படுக்கையில் கிடக்கும் வருடங்களுக்கும் கிடைக்குமா? இரண்டும் வெவ்வேறு.

நமது நாட்டில் ஜேர்மனியைப் போன்ற கட்டாயப் பராமரிப்புக் காப்புறுதி இல்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் வந்த ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாகப் பெறலாம். அப்பணம் மகளின் திருமணத்துக்கோ வீட்டின் மேல்மாடிக்கோ போய்விடுவதையே காண்கிறோம். அதில் ஒரு பகுதியைத் தொடாமல் வைப்பது குறித்துக் குடும்பத்தில் பேச்சே எழுவதில்லை. கமக்காரருக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. கடை வைத்திருப்போரும் நாட்கூலி செய்வோரும் தமக்குத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியவர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுதும் தாய் எத்தனை பேர்? சட்டம் இருக்கட்டும், அதற்கு முன் மஹல்லா செய்யக்கூடியது உண்டு.

உதுமானிய மஹல்லாக்கள் செய்ததை நமது ஜமாஅத்துகள் சிறிய அளவில் தொடங்க முடியும். நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தும் நிதி ஒன்றை, ஸக்காத்திலிருந்தும் பள்ளிவாசல் கட்டட நிதியிலிருந்தும் பிரித்துத் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுக்கொருமுறை கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். முதலில் பெரிய இல்லம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. சாய்த்து உயர்த்தும் கட்டில்கள் இரண்டு, சக்கர நாற்காலிகள் சில, காற்று மெத்தை ஒன்று ஆகியவற்றை வாங்கி இரவல் கொடுப்பதோடு ஆரம்பிக்கலாம். ஊரில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருப்பின், நோயாளியைப் புரட்டவும் தூக்கவும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் அவரைக் கொண்டு பயிற்சி கொடுக்கலாம். பின்னர் நிதி வளர்ந்தால், வாரத்தில் இரு இரவுகளுக்குக் கூலி கொடுத்து ஆளமர்த்தி, விழித்திருக்கும் அந்த மகளுக்கு உறங்குவதற்கு ஓர் அவகாசம் கொடுக்கலாம்.